கைதட்டலுக்குப் பின் முப்பது விநாடி

சின்ன அரங்குகளில் நான்கைந்து பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் அறையிசையின் கலைஞர்களும் அவர்களுக்கு மேடை கொடுக்கும் அமைப்பாளர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் தேசிய மாநாட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. மார்பில் தொங்கும் அட்டையைத்தான் பார்ப்பார்கள். நீல அட்டை என்றால் வாசிக்கிறவர். பச்சை என்றால் வாய்ப்புக் கொடுக்கிறவர். ஒரு பச்சை அட்டை தும்மினால் நான்கு நீல அட்டைகள் கைக்குட்டை நீட்டும். இரண்டு நீல அட்டைகள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்றையொன்று தாண்டி, காபி மேஜையைப் பார்த்துச் சிரிக்கும். 'கேட்கும் கலை' என்ற கருத்தரங்கில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வயோலாக்காரிக்கு இது மூன்றாவது மாநாடு. அவர்கள் நால்வர் குழு. முதல் வயலின் அவளுடைய அண்ணன், இரண்டாவது வயலின் அண்ணி, செல்லோ அவள் கணவர். பத்தொன்பது வருடமாக ஒன்றாக வாசிக்கிறார்கள், அதாவது பத்தொன்பது வருடமாக ஒன்றாகச் சண்டை போடுகிறார்கள். இந்த முறையும் ஒரு பச்சை அட்டைகூட ஏறெடுத்துப் பார்க்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போகப்போவதாக அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த வயோலாவை வாசிப்பவளின் பாடு கேட்பவர்களுக்குத் தெரியாது. மேலே வயலின்கள் பறக்கும், கீழே செல்லோ உறுமும், நடுவில் சுவருக்குள் இருக்கும் செங்கல் மாதிரி இவள் இருப்பாள். ஆனால் அவர்கள் கொண்டுவந்திருந்த மெதுவான இசையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. கடைசியில் நான்கு பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். வில்லைத் தூக்கிப் பிடித்தபடி ஐந்து விநாடி மௌனம். பிறகு வயோலா மட்டும், தன்னந்தனியாக, முப்பது விநாடி. அதோடு இசை முடியும். அந்த முப்பது விநாடிக்காகத்தான் அவள் முன்னால் இருக்கும் பதினோரு நிமிடத்தையும், அண்ணனையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள், பச்சை அட்டைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டும் மாதிரிக் கச்சேரி. முன்வரிசையில் பதினாலூரார் உட்கார்ந்திருந்தார். பதினான்கு ஊர்களின் அரங்குகள் அவர் கையில் இருந்ததால் அந்தப் பெயர். பச்சை அட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இசை முடிந்தது என்று முதலில் கண்டுபிடித்துக் கைதட்டுகிறவர்தான் விஷயம் தெரிந்தவர். அதனால் எல்லாரும் கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

நால்வரும் நிறுத்தினார்கள். மௌனம் இரண்டு விநாடிகூட நீடிக்கவில்லை. பதினாலூரார் கையைத் தட்டிவிட்டார். பின்தங்கிவிடக் கூடாதே என்று மொத்த அரங்கமும் தட்டியது. அண்ணனுக்குச் சமயோசிதம் அதிகம். எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினார். வயோலாக்காரி மட்டும் வில்லைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள், பேருந்தை நிறுத்தக் கை காட்டி ஏமாந்தவளைப் போல.

வெளியே பதினாலூரார் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன முடிவுங்க அது! அந்தரத்துல நிறுத்தினீங்க பாருங்க, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. நாளைக்கு நிறைவு விழாவுல இதையே வாசிங்க. முடிஞ்சதும் பதினாலு ஊருக்கும் ஒப்பந்தம் போட்டுடலாம்."

அண்ணன் ஹோட்டல் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். "அங்கயே முடிச்சிடலாம். அதான் அவருக்குப் பிடிச்சிருக்கு."

"அப்போ என் பாகம்?"

"அதை நீ வீட்ல வாசிச்சுக்கோ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்ணா, உன் பாகத்துல முப்பது விநாடியை வெட்டுவியா?"

"பதினாலு ஊரும்மா! மூணு வருஷமா நாய் படாத பாடு பட்டிருக்கோம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் செல்லோவைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்திருந்த செல்லோவை. "மச்சான் சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்," என்றார். அண்ணியின் வாயைத் திறக்க வைப்பது யாராலும் ஆகாது.

மறுநாள் காலை நிறைவு விழா. அமைச்சர் ஒருவர் வந்து, அறையிசை இனிமேல் பெரிய மைதானங்களுக்குப் போக வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். பிறகு இவர்கள் வாசித்தார்கள். பதினோரு நிமிடம் ஓடியது. நால்வரும் நிறுத்தினார்கள். அண்ணன் வணங்க எழப் பார்த்தார். எழ முடியவில்லை. அவருடைய நீளக் கோட்டின் நுனியில் அண்ணியின் செருப்பு அழுத்தமாக இருந்தது. அண்ணி இசைக்குறிப்புத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பதினாலூரார் தட்டினார். அரங்கம் தட்டியது. வயோலாக்காரி அந்தச் சத்தத்துக்குள்ளேயே வில்லை வைத்தாள்.

முதல் சில விநாடி அவளுக்கே தன் வாசிப்புக் கேட்கவில்லை. பிறகு முன்வரிசையில் இரண்டு கைகள் பாதியில் நின்றன. அடுத்த வரிசை நின்றது. பதினாலூராரின் முகம் வெளுத்தது. மீதியை அவள் வாசித்தாள், அவசரப்படாமல், யாருக்கும் விட்டுக்கொடுக்காமல். கடைசி ஸ்வரம் தேய்ந்து ஓய்ந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருமுறை சூடுபட்டவர்கள் அல்லவா? இது முடிவா, இன்னும் இருக்கிறதா என்று பச்சை அட்டைக்காரர்கள் பதினாலூராரைப் பார்த்தார்கள். பதினாலூரார் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். நால்வரும் எழுந்தார்கள். அப்போதும் சத்தமில்லை. வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு தங்கள் காலடியைத் தாங்களே கேட்டபடி மேடையை விட்டு இறங்கினார்கள்.

பின்னறைக்குப் பதினாலூரார் வந்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கைதட்டறதா வேண்டாமான்னு தெரியாம நான் உக்காந்திருந்தது இன்னைக்குத்தான்."

இவர் நிஜமாகவே இசையைக் கேட்டுவிட்டார் என்று வயோலாக்காரி ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"இந்த அவமானத்தைப் பதினாலு ஊருக்கும் என்னால கொண்டு போக முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணன் வயலினைப் பெட்டியில் வைத்தார், மூடினார், மறுபடி திறந்தார். இப்போது வெடிக்கப் போகிறார் என்று அவள் தயாராக நின்றாள். பதில்கூட மனசில் எழுதி வைத்திருந்தாள்.

"கடைசி ஸ்வரம்," என்றார் அண்ணன், அவளைப் பார்க்காமல். "அதைச் சீக்கிரம் விட்டுட்ட. இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கணும்."

பத்தொன்பது வருடத்தில் அவள் வாசிப்பில் அண்ணன் கண்டுபிடித்த முதல் குறை. அந்த மனுஷர் இத்தனை நாள் அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கி வந்தன, கூடவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும்.

"நீட்ட வில்லோட நீளம் பத்தாதுண்ணா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பத்தும். நீ ஆரம்பத்துலயே பாதி வில்லைச் செலவு பண்ணிடற. எடு, காட்டு."

அவள் எடுத்தாள்.