பன்னிரண்டு மணிக்கு வைத்த நகல்

முதல் கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து மேஜைமேல் விழுந்தபோது, கொட்ரேஷ் மவுஸை அழுத்திவிட்டுக் காத்திருந்தான். அழுத்தி ஐந்து நிமிடமாகியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

மிளகாய் விற்பனைக்கூடத்தின் மொத்த ஏலமும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் அடக்கம். வியாபாரிகளின் ஆட்கள் போனில் தட்டிவிடும் விலையெல்லாம் அதில்தான் வந்து சேரும். பன்னிரண்டரைக்கு அதைத் திறந்து, எந்தக் குவியலை யார் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று மைக்கில் வாசிக்க வேண்டும். மணி இப்போது இரண்டே கால். ராய்ச்சூரிலிருந்தும் கொப்பளிலிருந்தும் லாரி ஏறி வந்த நாலாயிரம் பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். கட்டி வந்த சோள ரொட்டி தீர்ந்துவிட்டது, பொறுமையும் தீர்ந்துவிட்டது.

என்ன கோளாறு என்று கொட்ரேஷுக்கு நன்றாகவே தெரியும். டிஸ்க் நூறு சதவீதம் என்று திரை காட்டியது. இரண்டு வேலைகள் சேர்ந்து அந்தப் பழைய டிஸ்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று வைரஸ் தேடும் வேலை. இன்னொன்று ஏழு வருடப் பதிவை வெளியே வயரில் மாட்டிய பெட்டிக்கு நகலெடுக்கும் வேலை. ஒரே வாசலில் இரண்டு கல்யாண ஊர்வலம் நுழைந்தால் எப்படியோ, அப்படி. நடுவில் மாட்டிக்கொண்டது ஏலம்.

இரண்டும் காலை எட்டு மணிக்கு ஓடும்படிதான் முதலில் வைத்திருந்தான். சனிக்கிழமை செயலாளர் விருபாட்சய்யா விபூதி நெற்றியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம எட்டு மணி ராகுகாலம்யா. அந்த நேரத்துலயா நகலெடுப்ப? பன்னெண்டுக்கு வை. அபிஜித் முகூர்த்தம். ஒண்ணும் கெடாது."

பன்னிரண்டுக்குத்தான் விலைகள் மழையாகக் கொட்டும் என்பது கொட்ரேஷுக்குத் தெரியாதா? தெரியும். "சரிங்க சார்" என்று இரண்டையும் பன்னிரண்டுக்கு மாற்றினான். ஒப்பந்தத்தில் இருப்பவன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு வேலையை நீட்டுகிறவர் அவர். அதற்காக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்பதா?

இரண்டாவது கல் சுவர்க் கடிகாரத்தை நொறுக்கியது. விருபாட்சய்யா மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க. யாரோ ஒரு வியாபாரியோட ஆளு திரும்பத் திரும்ப வெல போட்டு மிசின அடைச்சுட்டிருக்கான். அதான் லேட்டு. எங்க மேல தப்பில்ல."

கொட்ரேஷ் திடுக்கிட்டு எழுந்தான். "சார், அப்படி யாருமே இல்ல சார். நாம வச்ச நகல்தான்."

"உக்காந்து வேலையப் பாரு. ஒம் பேரச் சொல்லட்டுமா மைக்ல?"

கொட்ரேஷ் உட்கார்ந்தான். இரண்டாம் தடவையும் வாயை மூடினான்.

வெளியே தியாமண்ணா நின்றிருந்தார். ஒரு மண்டிக்காரருக்கு இருபது வருடமாக விலை போடுகிறவர். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி. போன் நின்றுவிட்டதே என்று அதையே குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஒருவன் பார்த்துவிட்டான்.

"இவன்தான்டா. பாரு, இன்னும் குத்திட்டிருக்கான்."

"யப்பா, எனக்கும்தான் நின்னு போச்சு. போன வேணா பாரு" என்று அவர் நீட்டினார். நீட்டிய கையில்தான் முதல் அடி விழுந்தது. போன் தெறித்தது, கண்ணாடி தெறித்தது. மூட்டைக் கொக்கி வைத்திருந்த ஓர் உயரமான ஆள் அவர் தோளில் கொக்கியை மாட்டி இழுத்தான். குப்புற விழுந்தவரைக் காலைப் பிடித்து மிளகாய்க் குவியல்மேல் தரதரவென்று இழுத்தார்கள். கிழிந்த தோளில் காரம் ஏறியபோது அவர் போட்ட கூச்சல் உடைந்த ஜன்னல் வழியே கொட்ரேஷ் வரை வந்தது.

காவலுக்கு இருந்த மூன்று போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். கூட்டத்தினர் அவர்கள் முகத்தில் கைப்பிடி கைப்பிடியாக மிளகாய்த்தூளை வீசினார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறியவர்களையும் விடவில்லை, லத்தியைப் பிடுங்கி அதாலேயே அடித்தார்கள். செயலாளரின் ஜீப்பைக் கவிழ்த்துத் தீ வைத்தார்கள். தீ பக்கத்துக் குவியலைத் தொட்டதும் புகை கிளம்பி, அடிக்கிறவனும் இருமினான், அடிபடுகிறவனும் இருமினான். இருமிக்கொண்டே அடித்தார்கள்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிடலாமா என்று கொட்ரேஷ் யோசித்தான். பிடுங்கினால் விலைப்பதிவு பாதியில் உடையும். இன்று விலையே இல்லை என்று போய்ச் சொன்னால் தியாமண்ணாவை மட்டுமா கொல்வார்கள்? பட்டியல் திறந்தால்தான் அந்த மனிதர் பிழைப்பார். நகல் போகும் பெட்டியின் வயரை வெடுக்கென்று உருவினான். பெட்டியில் இருப்பது கெட்டால் கெடட்டும். எண் அசையவில்லை. நூறு.

வைரஸ் தேடுவதை நிறுத்தும் பொத்தான் திரைக்கு வரவே நான்கு நிமிடம் ஆயிற்று. அழுத்தினான். வட்டம் சுற்றியது. வெளியே சிலர் பெஞ்சைத் தூக்கி அறைக் கதவில் மோதினார்கள். தாழ்ப்பாள் வளைந்தது. விருபாட்சய்யா பீரோவுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டார்.

"சீக்கிரம்யா" என்றார் அங்கிருந்து.

"முகூர்த்தம் முடியட்டும் சார்" என்றான் கொட்ரேஷ். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அப்படிப் பேசினான்.

நூறு. நூறு. தொண்ணூற்றெட்டு. அறுபத்தொன்று. நான்கு. பட்டியல் படாரென்று திறந்தது, இரண்டு மணி நேரமாக எதுவுமே நடக்காதது போல. மைக்கை இழுத்தான்.

"நான் கம்ப்யூட்டர் கொட்ரேஷ் பேசுறேன். மிசின அடைச்சது நான்தான். நான் வச்ச நகல். தியாமண்ணா ஒண்ணுமே பண்ணல. அவர விட்டுடுங்க."

யாரும் விடவில்லை. லத்தி எழுந்து இறங்கியது. அவர்கள் காதில் ஏறக்கூடியது ஒன்றுதான் என்று அவனுக்குப் புரிந்தது. உச்ச விலையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.

"குவியல் நம்பர் இருநூத்திப் பதினெட்டு. கங்காவதி பக்கீரப்பா. இன்னைக்கு மார்க்கெட்லயே ஒசந்த வெல. எடுத்தவர் தியாமண்ணா. அடுத்தது குவியல் நம்பர் நாப்பத்தாறு. மான்வி ஹுலிகெப்பா. எடுத்தவர் தியாமண்ணா."

கொக்கி வைத்திருந்தவன் நின்றான். "பதினெட்டா? இருநூத்திப் பதினெட்டா சொன்னான்?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். பிறகு கொக்கியைப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து, மிளகாய்மேல் கிடந்தவரின் முகத்தைத் துடைத்தான்.

"அண்ணே, எங் குவியல நீங்கதான் எடுத்திருக்கீங்க. எந்திரிங்கண்ணே. ஏ, யாராச்சும் தண்ணி கொண்டாங்கடா."

தண்ணீர் வந்தது. தியாமண்ணாவின் வாயோரமாக வழிந்து இறங்கியது. மார்பில் காதை வைத்துப் பார்த்த ஒருவன் எழுந்து கூட்டத்துக்குள் நழுவினான்.

கதவு பிய்ந்து விழுந்தது. கொட்ரேஷ் நாற்காலியை விட்டு எழுந்து, கையைத் தொங்கவிட்டபடி அவர்கள் முன்னால் நின்றான். பெஞ்சோடு நுழைந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், பெஞ்சைக் கீழே வைத்தார்கள்.

"நம்ம வெலச் சீட்டு வந்துருச்சாண்ணா?" என்று முன்னால் நின்றவன் மரியாதையாகக் கேட்டான். அவன் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

கொட்ரேஷ் உட்கார்ந்து அச்சடித்தான். கம்ப்யூட்டர் இப்போது பறந்தது. முப்பத்தொரு சீட்டில் எடுத்தவர் தியாமண்ணா என்று வந்தது. ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்தான். வாங்கியவர்கள் விலையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவனாவது தன்னை ஓங்கி ஓர் அறை அறைய மாட்டானா என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.