மூன்றாவது பொத்தான்

மதியச் சோற்றுப் பார்சலை முடித்துவிட்டுப் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். எங்களுக்கு வந்தது சோற்றுத் தூக்கம் அல்ல என்பது கஜாலினி மிஸ்ஸுக்குத் தெரியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு அந்த வாரம்தான் எங்கள் கம்பஸுக்கு வந்திருந்தார், ஊர் யாழ்ப்பாணம். நியம விலகல் என்ற கணக்கை அரைவாசி விளக்கியவர், முதல் வருட வகுப்பு முழுவதும் கண் சொருகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மார்க்கரை மூடினார்.

"சரி பிள்ளையள், எல்லாரும் எழும்புங்கோ. அஞ்சு நிமிஷம் உடம்பை அசைச்சாத்தான் மூளை முழிக்கும். தோப்புக்கரணம் போடுங்கோ பாப்பம். காதைப் பிடிக்கத் தேவையில்லை."

சிரிப்போம் என்று நினைத்திருப்பார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்தோம், கண்கள் தாமாகத் தாழ்ந்தன. சத்தமில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தோம். ராகிங்குக்குப் பகிடிவதை என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தான்: பகிடி சீனியர்களுக்கு, வதை எங்களுக்கு. வந்த நாள் முதலாக மைதானத்துக்குப் பின்னால் இதே பயிற்சிதான். சீனியர் முன்னால் நிற்கும்போது அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு மேலே கண் போகக் கூடாது. நிறுத்து என்று சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

மிஸ் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. முன்வரிசையில் ஆரணனின் கால்கள் வெடவெடத்தன.

"ஐயோ, காணும், போதும்! ஏன் ஒருத்தரும் நிப்பாட்டேல்லை?"

எல்லாரும் குனிந்து நிலத்தைப் பார்த்தோம்.

"சரி, இருங்கோ."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். எங்கள் மலையகத்து ஹேவாஹெட்டவில் 'இருங்க' என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் அது உட்காரச் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயந்த நேரத்தில் காது ஊருக்கு ஓடிவிடுகிறது. பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துப் பிரியாந்தினி என் சட்டையை இழுத்து, "சர்மிளா, இரு!" என்றாள். பொறு என்கிறாளாக்கும் என்று இன்னும் நிமிர்ந்து நின்றேன். நான் பதில் சொல்லத்தான் நிற்கிறேன் என்று மிஸ் எண்ணிவிட்டார்.

"ஓம், நீர் சொல்லும்."

அப்போதுகூட உட்கார்ந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று பையைக் கட்டி வைத்திருந்தேன். கம்பஸ் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லப்போகும் பொய்கூடத் தயார். திடீரென்று கோபம் வந்தது. அவர்கள் செய்கிற வேலைக்குப் பொய்யை நான் ஏன் சுமக்க வேண்டும்?

"மிஸ், இத தெனமும் சீனியருங்க செய்ய வைக்கிறாங்க. நாங்களா நிப்பாட்டுனா இன்னும் கூட செய்யணும். தூக்கமும் அதாலதான் மிஸ். நான் படிக்கத்தான் வந்தேன்."

மைதானத்தையும் பொத்தானையும் விடாமல் முழுவதையும் சொன்னேன். மிஸ்ஸின் முகம் வெளிறிப் போயிற்று.

"இதை மேலிடத்தில சொல்ல வேணும். நான் வாறன். நீர் வருவீரோ?"

"வர்றேன் மிஸ்."

பிரியாந்தினி எழுந்தாள். "நானும் வாறன்."

மிஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "இந்தப் பயிற்சி இனி வேண்டாம். என்ன செய்யலாமெண்டு நீங்களே சொல்லுங்கோ," என்றார்.

"கைய தூக்கி மேல பாக்கலாம் மிஸ்," என்றேன்.

கைகள் உயர்ந்தன. கழுத்துகள் நெறுநெறுத்தன. கூரை மின்விசிறியில் யாரோ எப்போதோ எறிந்த காகித ராக்கெட் ஒன்று சிக்கியிருந்தது. இத்தனை நாளாக யாருமே அதைப் பார்த்திருக்கவில்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். அதன்பின் மிஸ் நியம விலகலின் மீதியைச் சொன்னார். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதுதானாம் கணக்கு. எனக்குப் புரிந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால், வாசலை மறித்தபடி ஒரு சீனியர் அண்ணா. ஜன்னலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"என்ன தங்கச்சி, மிஸ்ஸோட பெரிய கதை போல?"

பழக்க தோஷம், கண் நேரே மூன்றாவது பொத்தானுக்குப் போனது. அது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பொத்தான். முதலாவது. கழுத்துப்பட்டி. சவரம் செய்யத் தெரியாமல் தாடையில் வெட்டிக்கொண்ட சின்னக் காயம். பிறகு, அவருடைய கண்கள்.

"ஆமாண்ணா," என்றேன். "இன்னும் முடியல."