இலை முழுக்கப் பரவிய சாயம்

2012இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருந்தாள் சுவேதா. இலை நரம்பில் ஓடும் சத்து பக்கத்துச் செல்களுக்குள் எப்படி நுழைகிறது என்பதே அவள் ஆய்வு. அதற்காக அவரை இலையின் காம்பு வழியாகச் சிவப்புச் சாயம் ஏற்றுவாள். உயிருள்ள செல்கள் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை.

அன்று காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இலை முழுக்கச் சாயம் பரவிக் கிடந்தது. செல்கள் செத்தால்தான் அப்படி ஆகும். ஆய்வகச் சாவி அவளையும், உடன் ஆய்வு செய்யும் சேரனையும் தவிர யாரிடமும் இல்லை. தன்னை முந்தத்தான் அவன் கெடுத்துவிட்டான் என்று பேராசிரியரிடம் புகார் சொன்னாள். பிறகு சேரனிடம் வந்தாள்.

“என் இலையத் தொட்டியா?”

“ஆமா. நேத்து கரண்ட் போனதும், புழுக்கத்துல வாடிடப் போவுதுன்னு ஃப்ரிட்ஜுல ஐஸ் தட்டுல வெச்சேன். கரண்ட் வந்தப்புறம் எடுக்க மறந்துட்டேன். காலையில பாத்தா வெறச்சிக் கெடந்துச்சு. எடுத்து பழைய எடத்துலயே வெச்சுட்டேன். சொல்லத்தான் பயமா இருந்துச்சு.”

சுவேதாவுக்கு முகம் சுருங்கியது.

“சார் கூப்புடுறாராம், எதுக்குன்னு தெரியல” என்றபடி அவன் எழுந்தான்.

“நீ இரு, சேரன். மொதல்ல நான் போய்ப் பேசிட்டு வரேன்” என்று அவள் வேகமாக நடந்தாள்.