முன்னேறிவிட்ட வட்டாரம்

வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் சின்னாண்டிக்குப்பத்து வேப்பமரத்தடியில் அந்த வெள்ளை வேன் வந்து நிற்கும். விடியுமுன் மீன் கூடையோடு பஸ் ஏறிப் போன பெண்கள் திரும்பி வருவதும் அந்த நேரத்துக்குத்தான். கூடையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு வரிசையில் நிற்பார்கள். நர்ஸ் பிரஷர் பார்ப்பாள், சர்க்கரை பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள்.

சுகாதார நிலையம் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் நாலு நிறுத்தம்தான். ஆனால் அங்கே சீட்டு கொடுப்பது காலையில். காலையில் போய்ச் சீட்டுக்கு நின்றால் மீனை யார் விற்பது? வேன் வராத காலத்தில், அந்தப் பெண்களில் ஒருத்தியான ஞானாம்பாள் பிரஷர் மாத்திரையே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டினாள். கடைசியில் சிதம்பரம் மார்க்கெட்டில் ஒருநாள் கூடை மேலேயே சாய்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணி, நேராவதற்குள் பெரும்பாடு ஆகிவிட்டது. அதற்கப்புறம் வேன் வந்தது. மாத்திரை தவறவில்லை, அவளுடைய வாயும் ஓயவில்லை.

இந்த வேன், ‘நலவழி’ என்ற ஆறாண்டு சுகாதாரத் திட்டத்தின் வேன். அந்த வட்டாரத்தில் திட்டத்துக்கு மேற்பார்வையாளர் மணவாளன். செம்மங்குப்பத்தில் வீடு. வீட்டு வாசலிலேயே மனைவி சந்திரலேகா இட்லிக் கடை நடத்துகிறாள். மணவாளன் கெட்ட மனிதர் இல்லை. வெயில் ஆகாது, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பதற்காகத் திட்டத்தில் கொடுத்த மெஷின், உறை பிரிக்காமல் அவர் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

திட்டத்துக்கு மூன்று வருஷம் முடிந்தது. பாதி தூரம் வந்தாயிற்று, எதுவரை வந்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? சிதம்பரத்தில் இடைக்கால ஆய்வுக் கூட்டம் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது: ஆய்வு முடிந்ததும் சில ஊர்களிலிருந்து வேனை எடுத்துவிடுவார்களாம்.

ஞானாம்பாளிடம் தினமும் மீன் வாங்குகிறவள் சந்திரலேகா. கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“வேன் போச்சின்னா அந்தம்மா திரும்ப விழுந்துடும் மாமா. இந்தத் தடவ எழுந்திருக்காது. நீங்க என்னா பண்ணுவீங்களோ தெரியாது, வேன் மட்டும் போவக் கூடாது.”

“நான் பாத்துக்கறேன்,” என்றார் மணவாளன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. பின்தங்கினவன் தலையில்தான் கத்தி விழும். ஆகவே தன் வட்டாரம் பின்தங்கக் கூடாது. உட்கார்ந்தார், எழுதினார். எல்லா வீடும் பார்த்தாயிற்று. பிரஷர்க்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கட்டுக்குள் வந்தாயிற்று. புதிதாக ஒருத்தருக்கும் நோய் இல்லை. அடேயப்பா! மூன்று வருஷம் நடக்காத காரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்து முடிந்தது. மனசு உறுத்தத்தான் செய்தது. ‘எனக்கா செய்கிறேன், ஞானாம்பாளுக்குத்தானே,’ என்று அதைத் தட்டித் தூங்கவைத்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ராஜமாணிக்கம் காத்திருந்தான். சந்திரலேகாவின் தம்பி. மங்கலம்பேட்டைப் பக்கம் இதே வேலையில் இருக்கிறான். சோம்பேறித்தனத்தில் மணவாளனுக்கே வாத்தியார்.

“என்னா மச்சான், உன் பக்கம் எவ்ளோ காட்டியிருக்க?”

“இருக்கறதத்தான் மாமா. பாதி வீடு பாக்கல. பாத்த பாதியிலயும் பாதிப் பேருக்கு மாத்திர போய்ச் சேரல.”

“அப்பிடியேவா எழுதின? பைத்தியமா உனக்கு?”

“பொய் எழுதணும்னா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போவணும். கூட்டணும், கழிக்கணும். யாரு மாமா உக்காந்து அவ்ளோ வேல பாக்கறது?”

மணவாளனுக்கு அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆட்டோவுக்கு அவரே காசு கொடுத்தார்.

கூட்டம் ஒரு ஓட்டல் மாடியில், ஏ.சி. ஹாலில். சர்க்கரை நோய் பற்றிய பேச்சு தொடங்குமுன் எல்லாருக்கும் ஜாங்கிரி வந்தது. உப்பைக் குறைப்பது பற்றிய பேச்சுக்கு வறுத்த முந்திரி. சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வு அதிகாரி டாக்டர் சுவாதி மட்டும் எதையும் தொடவில்லை. சின்ன வயசு, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். மணவாளனின் முறை வந்தது. திரையில் அவருடைய கோடு பனைமரம் மாதிரி மேலே ஏறிற்று. கை தட்டினார்கள். அடுத்து ராஜமாணிக்கத்தின் கோடு. அது தரையிலேயே படுத்துக் கிடந்தது.

மணவாளனுக்கு நல்ல கனமான கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். பித்தளைத் தகட்டில் ‘முன்னேறிய வட்டாரம்’ என்று எழுதியிருந்தது. வேன் பிழைத்தது என்று அவர் மூச்சு விட்டார்.

அப்புறம் சுவாதி மைக்கைப் பிடித்தார்.

“நம்மகிட்ட இருக்கிற வேன் கொஞ்சம். தேவை அதிகம். அதனால, முன்னேறிட்ட வட்டாரத்திலேருந்து வேனை எடுத்து, பின்தங்கின வட்டாரத்துக்குக் கொடுக்கிறோம். மணவாளன் சார் வட்டாரத்து வேன் அடுத்த வாரத்திலேருந்து மங்கலம்பேட்டைக்குப் போகும்.”

மணவாளன் கேடயத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் ராஜமாணிக்கம், “ஐயோ, தினமும் வேன் பின்னாடி நான் அலையணுமா?” என்று முனகினான்.

மணவாளன் எழுந்தார்.

“மேடம், அந்தக் கணக்கு... அவ்ளோ சரியில்லீங்க. இன்னும் ஜாஸ்தி பேருக்கு பிரஷர் இருக்குதுங்க. நான் எல்லா வீட்டுக்கும் போவல.”

சுவாதி அவரையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“பாருங்க, இவ்வளவு செஞ்சும் போதலைங்கிறார். இந்த மனசு எல்லாருக்கும் வரணும்.”

முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நம்பினால் அவர் வேலை போய்விடும். கைதட்டல் அடங்கும்வரை நின்றுவிட்டு மணவாளன் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

வீட்டில் சந்திரலேகா கேடயத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது வந்துடுச்சி. வேன் எங்க மாமா?”

சொன்னார், ஒன்று விடாமல். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கேடயத்தைக் கொண்டுபோய் மாவுச் சட்டிக்கு மூடியாகப் போட்டாள்.

“எங்கம்மா ஊரு மங்கலம்பேட்டைக்குத்தான் வேன் போவுது, நானும் அங்கயே போயிடறேன். அதுக்கு முன்னாடி நீங்க போயி அந்தம்மா மூஞ்சியப் பாத்து இதச் சொல்லிட்டு வாங்க.”

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் மணவாளன் பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்து உறையைப் பிரித்தார். நோயாளிகள் அதிகம் இருப்பதாக ஒவ்வொருவர் பேரும் அளவும் போட்டு எழுதினால் வேனைப் பற்றி மறுபடி யோசிப்பதாக, அவர் கேட்டதற்கு சுவாதி போனில் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, “எவ்வளவு அக்கறை சார் உங்களுக்கு,” என்றும் சொன்னார். மணவாளன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் கிளம்பினார்.

வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆள் ஞானாம்பாள்.

“என்னா சாரு, நீ வந்திருக்க? வேனு எங்க?”

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்தவர் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

“வேன் இனிமே வராது. உங்க எல்லாருக்கும் கொணமாயிடுச்சின்னு நான் எழுதிட்டேன். நல்லபடியா எழுதினா வேன் நிக்கும்னு நெனச்சேன்.”

வரிசை கலைந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஏசினார்கள். “நாசமாப் போவ!” என்றாள் ஒருத்தி. ஞானாம்பாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“இப்ப எல்லாருக்கும் பாத்து நெசத்த எழுதி அனுப்பறேன். வேன் திரும்ப வந்தாலும் வரும். கைய நீட்டுங்க,” என்றார்.

“இந்த மெசினு வேல செய்யுதான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கடைசியில் கேட்டாள் ஞானாம்பாள். “மொதல்ல உன் கையில போடு.”

மறுக்க முடியுமா? போட்டுக்கொண்டார். பட்டை இறுகிற்று, தளர்ந்தது. எண் வந்தது. வேனில் எத்தனையோ தடவை அந்த எண்களைப் பார்த்துப் பழகிய பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஏசுவதை நிறுத்தினார்கள்.

“அடி ஆத்தே! எனக்கு வாய் கோணினப்பக்கூட இவ்ளோ ஜாஸ்தி இல்லியே. மாத்திர எதுனா போடறியா சாரு?”

“இல்ல. எனக்கு இருக்குதுன்னே தெரியாது.”

“ஊரையே காயிதத்துல சொஸ்தமாக்கினியே, உன்ன ஏன் வுட்டுட்ட?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மணவாளனும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கிற்று.

ஞானாம்பாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்தது இரண்டுதான். ஒன்றைக் கத்தரித்த மாதிரி பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஐயோ, வேணாம்மா. உனக்கு?”

“போட்டுக்க சாரு,” என்றாள். “வேனு வந்ததும் திருப்பிக் குடுத்துடு.”