வலிக்காத கட்டி

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகைக்கு முன், நாஜு ஊரின் பேரித் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இருந்தாலும் வாரம் ஒருமுறை பொதுக் குளியலகத்துக்குப் போவதைத் தொக்பே நிறுத்தியதில்லை. கூடவே மச்சினன் ஜேமனும் போவான். தாய் செத்த பிறகு அக்கா சுனிம், அதாவது தொக்பேயின் மனைவி, வளர்த்த பையன் அவன். இப்போது முப்பதைத் தொட்டிருந்தான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தொக்பேயின் தோட்டத்தில் பாதி வேலை அவன் தோளில்தான் நடந்தது.

அன்று வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஜேமன் எழுந்தபோது தொக்பே கவனித்தார். அவனுடைய வலது விரை மற்றதைவிட வெகுவாகப் பெருத்திருந்தது.

"என்ன மாப்ள, தோட்டத்துப் பேரிக்காயைத் திருடி அங்க ஒளிச்சு வச்சிருக்கியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் சிரித்தார்கள். ஜேமன் துண்டை எடுத்து மறைத்துக்கொண்டான். உடை மாற்றும் அறைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கோடையிலேர்ந்தே இருக்கு மாமா. தொட்டா கல்லு மாதிரி இருக்கு. கனமாவும் இருக்கு. வெள்ளிக்கிழமை டவுன் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

"அப்புறம் என்ன அவசரம்? வெள்ளிக்கிழமைதான் காய் ஏத்த லாரி வருது. பண்டிகை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

ஜேமன் கொஞ்சம் யோசித்தான். "நர்ஸ் பொண்ணா இருந்தா வெக்கமாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். அங்கேயே ஃபோனை எடுத்து நேரத்தை ரத்து செய்தான். லாரிக்கு ஆள் கிடைத்த நிம்மதி தொக்பேக்கு.

பண்டிகை முடிந்தது. பின்பருவக் காய்கள் காத்திருந்தன. அது முடிந்ததும் கிளை வெட்டும் வேலை வந்தது. கூட்டிப் போவதாகச் சொன்னது தொக்பேக்கு இரண்டொரு முறை ஞாபகம் வரத்தான் செய்தது. அவனே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். அவனும் கேட்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் சொன்னான். ஏணி ஏறுகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா என்று தொக்பே வலி போக்கும் மருந்துப் பட்டையை வாங்கி ஒட்டிவிட்டார்.

குளிர் தொடங்கிய பின் ஒரு நாள் காலையில் ஜேமனால் ஏணியிலிருந்து இறங்க முடியவில்லை. சுனிம்தான் காரை எடுத்தாள். குவாங்ஜு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தம்பியையும் கணவனையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். விரையில் புற்றுநோய், வயிற்றுக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். முடிச்சுகள் வீங்கி அழுத்தியதால்தான் இடுப்பு வலித்ததாம்.

"இது நல்லா குணமாகிற ஜாதிதான். இவ்வளவு தூரம் வந்த பிறகும் பெரும்பாலும் குணமாகும்" என்றார். "சீக்கிரம் வந்திருந்தா வெறும் ஆபரேஷனோட போயிருக்கலாம். இப்ப மருந்தும் ஏத்தணும். வலிக்கலையேன்னுதான் எல்லாரும் தள்ளிப் போடறாங்க. கட்டியோ கனமோ தெரிஞ்சா, அளவு மாறினா, அந்த வாரமே காட்டிடணும். திடீர்னு பயங்கரமா வலிச்சா அன்னிக்கே ஓடி வரணும், அது விரை முறுக்கிக்கற வேற கோளாறு. சில மணி நேரத்துல விரையே போயிடும்."

வெளியே நடைக்கூடத்தில் சுனிம் கணவனைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே குளிக்கப் போவீங்க. உங்க கண்ணுல படவே இல்லையா?"

"அந்த ஆவில என்ன தெரியும்?" என்றார் தொக்பே.

சக்கர நாற்காலியில் இருந்த ஜேமன் மாமாவை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அக்காவிடம் தண்ணீர் கேட்டான்.

விரையை எடுத்தார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன், பின்னால் குழந்தை வேண்டுமென்றால் என்று விந்தைச் சேமித்து வைத்தார்கள். "பேங்க்ல என் பேர்ல இருக்கற ஒரே சேமிப்பு" என்று ஜேமன் ஜோக் அடித்தான். சுனிம் அழுதுகொண்டே சிரித்தாள். தொக்பேயால் சிரிக்க முடியவில்லை.

முடி கொட்டியது. சோற்றின் வாசனையே அவனுக்கு ஆகவில்லை. தொக்பே தினமும் தோட்டத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் வாந்திப் பாத்திரத்தைக் கழுவினார். செவிலியர்கள், இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு உடம்பு கூசியது.

ஒரு மத்தியானம் அவரே கேட்டார். "அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"எதை?"

"உனக்குத் தெரியும்."

ஜேமன் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கும் கால் இருந்துச்சு மாமா. நடந்து போயிருக்கலாம். நீங்க வேணாம்னதும் எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு. விடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மறுநாள் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுனிமின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"ஆவி ஒண்ணும் மறைக்கல. நான் பாத்தேன். கிண்டலும் பண்ணினேன். அவன் டாக்டரைப் பாக்க நேரம் வாங்கியிருந்தான். லாரிக்காக நான்தான் ரத்து பண்ண வச்சேன்."

சுனிமின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே."

"தெரியும்."

"ஆஸ்பத்திரில கேட்டப்பகூடப் பொய் சொன்னீங்க."

அவள் மிச்சப் பூண்டையும் உரித்து முடித்தாள். அன்று சாயங்காலமே துணிப்பையோடு தம்பியின் பூட்டிக் கிடந்த வாடகை அறைக்குப் போனவள், சிகிச்சை முடியும்வரை வீட்டில் தங்கவில்லை. தொக்பேக்கான கிம்ச்சி ஊறுகாயும் குழம்பும் மட்டும் யார் கையிலாவது வந்து சேரும்.

பேரி மரங்கள் பூத்தபோது ஜேமன் வீடு திரும்பினான். ஸ்கேனில் முடிச்சுகள் சுருங்கியிருந்தன. சில வருஷங்களுக்கு விடாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இளம் முடி முளைத்த தலையோடு அவன் நாற்காலி போட்டு மரத்தடியில் உட்கார்ந்து, பூக்களில் மகரந்தம் தடவுகிறவர்களை வம்புக்கிழுத்தான்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சுனிம், தொக்பே ஏறியிருந்த ஏணிக்குக் கீழே நின்றாள்.

"அவன் உங்களை மன்னிச்சுட்டான். அது அவன் குணம்" என்றாள். "நான் இன்னும் இல்ல."

"சரி."

"இறங்கி வந்து சாப்பிடுங்க. ஆறிடும்."

தொக்பே மகரந்தத் தூரிகையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினார்.