வேலைக்குப் போக மட்டும்

விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்து டுவெய்ன் புதினா மிட்டாயை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தமே பக்கத்திலிருந்த அவன் மனைவி மார்லிஸுக்கு எரிச்சலைக் கிளப்பியது. குடித்துவிட்டு ஓட்டி, சோளக்காட்டுப் பள்ளத்தில் வண்டியை இறக்கி, லைசன்ஸைப் பறிகொடுத்தவன் அவன். ஆனால் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடித்த கையோடு ஓடிவந்து, அவனைப் பன்றிக்கறி ஆலையில் இறக்கிவிட்டு, மத்தியானம் மறுபடி போய் ஏற்றிக்கொண்டு வருகிறவள் அவள். கண் நிறையத் தூங்கி ஒரு வருஷமாகிறது.

இன்றைக்குப் பர்மிட் கிடைத்தால் அந்தப் பிழைப்பு முடியும். வேலைக்குப் போக, வர மட்டும் அவனே ஓட்டலாம். வண்டியில் பொருத்துகிற குழாயில் ஊதி, குடிக்கவில்லை என்று காட்டினால்தான் வண்டி கிளம்பும். கிளம்பித் தொலையட்டும்.

"நான் சொன்னது ஞாபகமிருக்கா?" என்றான் டுவெய்ன். "அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு சொட்டுகூடத் தொடலன்னு சொல்லிடு. பர்மிட் எனக்கு, தூக்கம் உனக்கு."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல அந்த மிட்டாய முழுங்கு."

உள்ளே இருந்த அதிகாரி வயதானவர், குரலை உயர்த்தாதவர். அன்றைக்கு எவ்வளவு குடித்தாய் என்று கேட்டார்.

"ரெண்டே ரெண்டு பீர் சார்."

"ரெண்டு பீருக்கு ஊதினப்ப இவ்வளவா காட்டும்? சட்டம் விட்ட அளவப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே."

டுவெய்ன் கொஞ்சம்கூடக் கூசவில்லை. "அன்னிக்கு வீட்ல சண்டை சார். இவ வாய் தாங்க முடியல. இவ சும்மா இருந்திருந்தா நான் வீட்ட விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்."

அன்று மார்லிஸ் வீட்டிலேயே இல்லை. யாரோ ஒரு கிழவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்போ எப்படி?"

"இப்ப சுத்தம் சார். ஜீரோ பீர் மட்டும்தான். சாயங்காலம் கராஜ்ல உக்காந்து ஒண்ணு ரெண்டு குடிப்பேன். அதுல போதையே கெடையாது."

அந்த ஊர் ஆண்கள் எல்லோருக்கும் இந்த நினைப்பு உண்டு. போதையில்லாத பீரைக் கையில் பிடித்தால் திருந்திவிட்டதற்கு அதுவே அத்தாட்சியாம். இதைச் சொன்னால் அதிகாரி தட்டிக்கொடுப்பார் என்று டுவெய்ன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதே கராஜ், அதே நாற்காலி, கையில அதே மாதிரி பாட்டில்," என்றார் அதிகாரி. "என்ன மாறியிருக்கு?" பிறகு மார்லிஸ் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. அந்தப் பாட்டில்ல வெறும் ஜீரோ பீர்தானா?"

ஆமாம் என்றால் முடிந்தது. நாளைக்குக் காலையிலேயே தூங்கலாம். ஆனால் அவன் ஊதுகிற நேரத்துக்கு மட்டும் யோக்கியனாக இருந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் அவள் தலையில் பழியைக் கட்டிக்கொண்டே இருப்பான். அவள் அவனைப் பார்த்தாள். வெட்கங்கெட்டவன், கண்ணடித்தான்.

"பாதியக் குடிச்சிட்டு மிச்சத்துல விஸ்கிய ஊத்திக்குவான் சார். குப்பைல போடறதுக்கு முன்னாடி பாட்டிலக் கழுவுறது நான்தான். எனக்குத் தெரியாதா அந்த நாத்தம்?"

முடிவு தபாலில் வரும் என்றார் அதிகாரி. தபால் வராமலே அது மூவருக்கும் தெரிந்துபோயிற்று.

திரும்பும்போது டுவெய்ன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. பாதி வழியில், பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, அங்கே சாராயமும் விற்கிற கடைக்குள் போனான். வரும்போது கையில் விஸ்கி. மூடியைத் திறந்து, அங்கேயே நின்று ஒரு மடக்கு குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே எதுக்கு ஒளிச்சு மறைச்சு? நீதான் போட்டுக் குடுத்திட்டியே," என்று சிரித்தான். "உனக்கும் நல்ல வேலை குடுத்திட்டாங்க. நீ சாகிற வரைக்கும் எனக்கு டிரைவர் நீதான்."

மார்லிஸ் உள்ளே இருந்தபடியே வண்டிக் கதவைப் பூட்டினாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"லைசன்ஸ் போனது உனக்கு, டுவெய்ன். ஒரு வருஷமா தண்டனை அனுபவிச்சது நான். போதும்."

"ஏய், கதவத் திற! நாளைக்கு என்னை யாரு ஆலைக்குக் கூட்டிட்டுப் போவா?"

அவள் வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்து, இருட்டும்வரை தூங்கினாள்.