இரண்டே காலுக்கு ஒரு ரிங்

புது போன் வந்த ஒரு வாரத்தில், நான் நான்தானா என்று அதற்கு ஏகப்பட்ட சந்தேகம் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் திறக்கும் என்று வாங்கி அனுப்பினான் மகன் வெங்கடேஷ். கண்ணாடி போட்டால் அதற்கு ஒரு சிங்காரவேலு, கழற்றினால் வேறு ஒருத்தன். சரி, கைரேகை வை என்றான். நிலக்கரி மைன்ஸில், கரி ஏற்றிப்போகும் பெல்ட் பிரிவில் பதினைந்து வருஷம் கிரீஸும் இரும்பும் தொட்ட விரல். ரேகைக்கு எங்கே போவது? கடைசியில் நாலு நம்பர் போட்டுத்தான் திறக்கிறேன்.

பேசும்போது கன்னம் பட்டு மைக் தானாக அணைந்துகொள்ளும். ஒருநாள் வெங்கடேஷுக்குப் பத்து நிமிஷம் புத்தி சொல்லி முடித்தேன். “அப்பா, ஒண்ணுமே கேக்கல” என்றான். அதை அவன் கொஞ்சம் நிம்மதியாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

பழைய பட்டன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழாமல் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எனக்குப் போனில் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். தினமும் மதியம் இரண்டே காலுக்கு வரும் ஒரு ரிங். எடுக்கக் கூடாது. ஒரு தடவை அடித்து நின்றுவிடும். என் தம்பி குமரவேல் ஷிப்ட் முடித்துக் குழியிலிருந்து மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அம்மா ஏற்படுத்திய வழக்கம் அது. அம்மா இருந்தவரை ரிங் அவளுக்குப் போனது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் எல்லோர் முன்னாலும் குமரவேல் என்னைப் பார்த்து, “நீ துன்ற சோத்துல பாதி என்னுது” என்றான். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் மறுநாள் இரண்டே காலுக்கு ரிங் எனக்கு வந்தது. ஒருநாளும் தவறியதில்லை. நானும் ஒருநாளும் எடுத்ததில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. வடக்குத்து ஊர்ப் பக்கம் எங்களுக்கிருந்த முந்திரிக் கொல்லையை மைன்ஸுக்கு எடுத்துக்கொண்டபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அப்பா அப்போதே இல்லை. குமரவேலுக்கு இருபது வயது. “இதுல ஒரு கையெழுத்துப் போடுடா” என்று, அந்த வேலையை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய பேப்பரை நீட்டினேன். போட்டான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு பெர்மனென்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். இப்போது வயதைக் காரணம் காட்டி மேலேயே ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்கிறேன். அவன் இன்றும் காண்ட்ராக்டில், பெல்ட்டுக்கு அடியில் சேறு வாருகிறான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ஸில் பெரிய அதிகாரி வந்து நின்றிருந்தார். இரண்டே காலுக்கு, மேசையில் கிடந்த போன், வெங்கடேஷ் வைத்துக்கொடுத்த குத்துப்பாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி எடுத்துவிட்டது. அதிகாரி புருவத்தைத் தூக்கினார். பதறிப்போய் கண்ட இடத்திலெல்லாம் அழுத்தினேன். ஏதேதோ வரிசையாக எழும்பி வந்தது, அதையும் அழுத்தினேன். ஒருவழியாக நின்றது.

புதன்கிழமை ரிங் வரவில்லை.

கோடை மழை பெய்து குழியெல்லாம் சேறாகக் கிடந்த வாரம். வியாழனும் வரவில்லை என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. “போன் போட்டுக் கேளுங்களேன். அதுக்குத்தானே போனு” என்றாள் என் மனைவி சங்கீதா. “நீ உன் வேலையைப் பாரு” என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் காண்ட்ராக்ட் ஆட்கள் வண்டி விடும் இடத்துக்குச் சும்மா நடப்பதுபோல் போனேன். அவனுடைய பழைய பைக் நின்றது. சீட்டில் அதே கிழிசல், அதே பிளாஸ்டிக் பை. நல்லபடியாகத்தான் இருக்கிறான். அப்பாடா என்றிருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கோபம் வந்துவிட்டது. அப்படியானால் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறான். மிச்சமிருந்த அந்த ஒரு ரிங்கையும் அறுத்துவிட்டான்.

அன்று மதியமும் போன் ஊமையாகவே கிடந்தது. சாயங்காலம் மெயின் பஜாரில் ஜெயப்பிரகாஷின் மொபைல் கடைக்குப் போனேன். கோளாறு போனில்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“கால் வரமாட்டேங்குது. என்னன்னு பாருப்பா.”

அவன் தன் போனிலிருந்து கூப்பிட்டான். குத்துப்பாட்டு நன்றாகவே பாடியது. “எந்த நம்பர் சார் வரல?” என்றான். காட்டினேன். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

“இது பிளாக் எல்லாம் ஆவல சார். நீங்கதான் இவருக்கு மெசேஜ் அனுப்பிருக்கீங்க. செவ்வாக்கிழமை, ரெண்டு பதினாறு.”

“நானா?”

“கால் வரும்போது மெசேஜ் பட்டன் மேல கை பட்டா, ரெடியா நாலு வரி காட்டும் சார். அதுல ஒண்ணை அழுத்திட்டீங்க.” போனைத் திருப்பிக் காட்டினான்.

‘நான் பிறகு அழைக்கிறேன்.’

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். நாலு வருஷம் பேசாத அண்ணன், தம்பிக்குச் சொன்ன முதல் வார்த்தை. அவன் இதைப் படித்திருக்கிறான். மூன்று நாளாக என்ன நினைத்துக்கொண்டிருப்பான்?

கடைக்கு வெளியே, பண்ருட்டிப் பலாச்சுளை விற்கும் தள்ளுவண்டி பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். கை விரல் தவறிவிட்டது, போன் செய்த வேலை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு ரிங்கூட முழுசாக அடிக்கவில்லை.

“சொல்லுண்ணா.”

அந்தக் குரலில் அம்மாவின் சாயல் இருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

“மூணு நாளா ரிங் வரலியேடா.”

“நீதான கூப்புடறன்னு அனுப்பின. நான் ரிங் வுடற நேரம் பார்த்து நீ கூப்புட்டா லைன் கெடைக்காம பூடுமேன்னு வுடல. போனக் கையிலயே வச்சிகினு பார்த்துகினே இருந்தேன். வூட்ல கூட யாரையும் தொட வுடல.”

போன் செய்த வேலை என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் இனி அந்த ரிங்கும் வராது, நியாயமாக வரவும் கூடாது.

“என்னாண்ணா விஷயம்?” என்றான்.

“குமரவேலு, அன்னிக்கு அந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினப்ப, வேல உனக்கு வேணுமாடான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேக்கல. உனக்கு விஷயம் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். அது தப்பு.”

தள்ளுவண்டியில் சுளை விற்கும் அம்மா கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் காதை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணா? கேக்கல. திருப்பிச் சொல்லு.”

பாழாய்ப்போன கன்னம். இருபது வருஷமாக வராத வார்த்தை வந்தபோது மைக்கை அணைத்திருக்கிறது. முதல் தடவை எப்படியோ சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவைக்கு வாய் வரவில்லை. போனைக் கன்னத்திலிருந்து எடுத்தேன், ஸ்பீக்கரைப் போட்டேன், தட்டு ஏந்துவதுபோல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். தள்ளுவண்டி அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கடையிலிருந்து ஜெயப்பிரகாஷும் பார்த்தான். பார்க்கட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி சொன்னேன். தெரிஞ்சேதான் வாங்கினேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதையும் முழுசாகச் சொன்னேன்.

“இப்ப கேட்டுச்சாடா? இந்தப் போனு மைக்க அணைச்சிடுது.”

“அதெல்லாம் அணையலண்ணா,” என்றான் குமரவேல். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “மொத தடவையே கேட்டுச்சு. இன்னொரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு.”